நாற்பதாவது நிமிடம்

இருதயராஜ் நீந்துவது தமக்காக அல்ல. தினமும் நாற்பது நிமிட நீச்சலால் அவர் இரத்தத்தில் பெருகும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளை வெள்ளிதோறும் பிரித்தெடுத்து, மனைவி செலினுக்கு ஏற்றுவார்கள். அவளுடைய செல்கள் அரிபடாமல் காப்பது அதுதான்.

சென்ற வாரம் அவளால் சீப்பைத் தூக்க முடியவில்லை. அதனால் இந்த வாரம் அவர் யாரிடமும் சொல்லாமல் தினமும் மூன்று மணி நேரம் நீந்தினார்.

வெள்ளியன்று இரத்தத்தைச் சோதித்த செவிலி ஊசியை எடுத்து வைத்துவிட்டாள். "எடுக்க முடியாதுண்ணே. ஓயாம நீந்துனதுல உள்ளதும் கரைஞ்சிட்டு. இது ஒங்களுக்கே பத்தாது. ஒரு வாரம் சும்மா கெடங்க."



"காப்பிக்குச் சீனி அள்ளிப் போடுவீங்களே, அதே கை" என்ற செலின், தனக்கு விரித்திருந்த கட்டிலில் அவரைப் படுக்க வைத்தாள்.

அந்த ஒரு வாரத்தில் அவள் விரல்களுக்குக் கரண்டியும் கனத்தது.

அவர் மீண்டும் நீந்தத் தொடங்கிய அன்று, சக்கர நாற்காலியில் அவளும் குளக்கரைக்கு வந்தாள். நாற்பதாவது நிமிடத்தில் நடுங்கும் கைகளை உயர்த்தித் தட்டினாள். ஓசை எழவில்லை. ஆனாலும் அவர் நின்றுவிட்டார். அதுவரை அவளைப் பார்த்தபடியேதான் நீந்திக்கொண்டிருந்தார்.