நிலப் பொருத்தம்

கல்யாணப் பேச்சில் ஜாதகம் கேட்பது எப்போதோ நின்றுவிட்டது. இப்போதெல்லாம் நிலத்தின் சர்வே எண்ணைத்தான் கேட்கிறார்கள். தொல்லியல் பதிவேட்டில் அதைப் போட்டால் போதும், அந்த மண்ணுக்கு அடியில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று செல்போன் புட்டுப்புட்டு வைத்துவிடும்.

வள்ளிமயிலுக்குப் பயமே அதுதான். அவளுடைய புஞ்சை நடுவில் அரை ஏக்கருக்குப் பழைய ஊர் ஒன்று புதைந்திருந்தது. பதிவேட்டில் தடை இருப்பதால், டிராக்டர் அங்கே வந்ததும் தானாக நின்றுவிடும். உழ முடியாத நிலம் என்று மகனுக்கு வந்த நல்ல சம்பந்தமெல்லாம் தட்டிப்போனது.

இன்று பார்க்க வந்த பெண் ஆதிரை, காபியை நீட்டிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"உங்க நிலத்தப் பார்த்தேன் அத்தை. ரொம்பப் பிடிச்சிருக்கு."

வள்ளிமயிலுக்கு உயிர் வந்தது. "அப்படியா தாயி?"

"கீழ ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு இருக்காம். அந்தக் காலத்துலயே மாமியாரும் மருமகளும் தனித்தனியாத்தான் சமைச்சிருக்காங்க. எனக்கும் தனி அடுப்பு வேணும்."

வள்ளிமயிலுக்குச் சுருக்கென்றது. இருப்பதோ ஒற்றை மகன், அதற்குள் தனி உலையா?

தன் நிலத்தை நினைத்தே பயந்துகொண்டிருந்தவளுக்கு, பெண் வீட்டார் அனுப்பிய அவர்கள் நிலத்தின் சர்வே எண் அப்போதுதான் ஞாபகம் வந்தது. செல்போனை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஒரு வீடு, ஒரு அடுப்பு. அதைச் சுற்றிப் பானை பானையாக அடிப்பிடித்துக் கருகிய சோறு.

வள்ளிமயில் செல்போனை மடியில் கவிழ்த்தாள்.

"தனி அடுப்புதானே தாயி? கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டிருவோம்."