சின்னச் சன்னம்

அகதிக் கேசின் மேல்முறையீடும் றிஜெக்ட் என்று தவரத்தினம் சொன்னதும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த லவன் இடக்கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

பாரிசின் லாசப்பலில் ஒரு கொத்துரொட்டிக் கடையின் குசினி அது. மத்தியானச் சனம் போய்விட்டிருந்தது.

கடைசிக் கதவும் சாத்தியாகிவிட்டது. இனிப் பிடித்தால் விமானத்தில் ஏற்றுவார்கள். இறங்குகிற இடத்தில் யார் காத்திருப்பார்கள் என்பது தவரத்தினத்துக்குத் தெரியும்.

அகதி அலுவலகத்தில் காயம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றிக் காட்டினார். முதுகில் ஒரு கீறல் கிடையாது.

உண்மையைத்தான் சொன்னார். 2009இல், வவுனியாவில், கண்ணைக் கட்டி ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். தேக்கங்காட்டில் முழங்காலில் இருத்தினார்கள். பின்னால் ஒரு வெடி. முதுகில் யாரோ கல்லால் எறிந்த மாதிரி ஓர் அடி. ஓர் அலறல் கேட்டது. தன்னுடையது என்றே நினைத்தார். பிறகு ஒரு குரல்.

"விசரா, நைன் எம்எம்மை ஏனடா இதுக்குள்ளை போட்டனி?"

வான் போய்விட்டது.

பெரிய துவக்குக்குள் சின்னச் சன்னம். குழலுக்குள் பிடிமானம் இல்லாமல் வந்து, வேகம் செத்து, சட்டையில் பட்டு விழுந்திருக்கிறது. கண்டிப்போன நீலமும் கொஞ்ச நாளில் மறைந்தது. உயிரை விட்டுவைத்த பாழாய்ப்போன சன்னம் ஒரு தழும்பையாவது விட்டுவைத்திருக்கலாம்.

அப்படியானால் ஏன் இரண்டாம் முறை சுடவில்லை என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றார். தெரியாதுதான். அதோடு முடிந்தது.

உண்மையைத்தான் சொன்னேன் என்பதற்கு மேல் அவர் லவனிடம் எதுவும் சொன்னதில்லை. லாசப்பலில் யாரும் தன் கேசை அடுத்தவருக்கு வாய்விட்டுச் சொல்வதில்லை.

லவன் நல்லவன். தெருவில் நின்றவரைப் புறநகரில் பொபினிக்குக் கூட்டிப்போய்த் தன் அறையில் படுக்க இடம் கொடுத்தவன். இந்த வேலையும் அவன் எடுத்துக்கொடுத்ததுதான். அவனுடைய வலது கைப் பெருவிரலும் பக்கத்து விரலும் மடங்காது. ஆமி விசாரணையில் அடித்து உடைத்தது என்பது ஊரறிந்த கதை. பத்து வருச வதிவிடக் காட் அந்தக் கைக்குத்தான் கிடைத்தது. ஏப்ரனுக்கு முடிச்சுப் போட அவனால் முடியாது. தினமும் தவரத்தினம்தான் கட்டிவிடுவார்.

லவனுக்கு மனம் பொறுக்கவில்லை. பின்கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"உண்மையைச் சொன்ன உங்களுக்கு இல்லையாம், பொய் சொன்ன எனக்குக் குடுத்திருக்கிறாங்கள். இது அடிச்சு உடைஞ்ச கை இல்லை அண்ணை. நான் அப்ப ஆமியோடை சேந்த ஒரு குழுவிலை நிண்டனான். தேக்கங்காட்டுக்கை ஒருத்தனைச் சுடச் சொன்னவை. துவக்கு என்ரை கைக்குள்ளையே வெடிச்சிட்டுது. இருந்ததும் அது ஒண்டுதான். 'விசரா, நைன் எம்எம்மை ஏனடா இதுக்குள்ளை போட்டனி' எண்டு பெரியவர் கத்தினது இப்பவும் காதுக்கை கேக்குது."

அன்றைக்கு அலறியது யார் என்றும், இரண்டாம் முறை ஏன் சுடவில்லை என்றும் தவரத்தினத்துக்கு இப்போது தெரிந்தது. சாட்சியும் கண்ணெதிரே நின்றது. பொய் சொல்லிக் காட் எடுத்தவனின் சாட்சியை யாரும் நம்பமாட்டார்கள்; வாய் திறந்தால் இரண்டு பேருக்கும் விமானம்தான்.

முன்னாலிருந்து முதலாளி கூப்பிட்டார். லவன் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து மாட்டி, வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

தவரத்தினம் இரண்டு நாடாக்களையும் எடுத்தார். முடிச்சைப் போட்டுவிட்டார்.