மறந்துபோன வார்த்தை

“மலடி கை பட்ட காகிதம் என் மருமகளுக்கு வேணாம். வேற ஆளை அடிக்கச் சொல்லு.”

தேனியில் அந்த ஸ்கேன் சென்டரில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஜைக்கு முன்னால் மாயக்காள் இடுப்பில் கைவைத்து நின்றாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி, ஒரு காலத்தில் அவளுடைய மூத்த மருமகள்.

“இங்கன டைப் அடிக்கிறது நான் ஒருத்திதான், அத்தை. உக்காருங்க. இப்பக் குடுத்துர்றேன்.”

“அத்தையாம்ல அத்தை! ஆறு வருசம் எங்க வீட்டுச் சோத்தைத் தின்ன. வயித்துல ஒரு புழு பூச்சி வைக்கல. இந்தா இவளைப் பாரு. வந்த மறுவருசமே முழுகாம இருக்கா.”

‘இவள்’ என்று சுட்டப்பட்ட விஜி தலையைக் குனிந்துகொண்டாள். ஜோதியின் இடத்துக்குக் கம்பத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த இரண்டாவது மருமகள்.

ஜோதி டைப் அடிப்பதைத் தொடர்ந்தாள். பிள்ளை இல்லை என்று பேசிக் கல்யாணத்தை அத்துவிட்ட பிறகு, அவளுடைய அண்ணன்தான் அவளைத் தேனியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வகுப்பில் சேர்த்துவிட்டார். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதால் கேட்டு டைப் அடிக்கும் வேலை. அந்தக் கம்பெனி சீக்கிரமே மூடிவிட்டது. படித்த படிப்பு இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தது.

மாயக்காள் போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் விஜி மேஜைப் பக்கம் வந்தாள்.

“அக்கா, இதுல நாள் கணக்கெல்லாம் சரியாத் தெரியுமா?”

“கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஏன்?”

“சும்மா கேட்டேன்.” சட்டென்று திரையைக் காட்டினாள். “இது என்னக்கா, என் பேருக்குப் பக்கத்துல இம்புட்டு நீளமா?”

“பிரைமிகிராவிடா. பயந்துறாத, நோவு பேரு இல்ல. ‘பிரைமி’ன்னா மொத. ‘கிராவிடா’ன்னா மாசமா இருக்கவ. மொதப் பிள்ளை உண்டாயிருக்கவன்னு அர்த்தம்.”

“எல்லா வார்த்தையும் இப்படித்தானா?”

“முக்காவாசி இப்படித்தான். முன்னால ஒட்டுனதைத் தனியா எடு. பின்னால ஒட்டுனதைத் தனியா எடு. நடுவுல மிஞ்சுறதுதான் வேரு. பெரிகார்டைட்டிஸ்னு ஒண்ணு இருக்கு. ‘பெரி’ன்னா சுத்தி. ‘கார்டு’ன்னா இருதயம். ‘ஐட்டிஸ்’னு முடிஞ்சா அழற்சி, புண்ணு மாதிரி வீங்கிக்கிறது. இருதயத்தைச் சுத்தி இருக்க சவ்வு வீங்கியிருக்குன்னு ஆகுது. அம்புட்டுத்தான்.”

விஜி முதல்முறையாகச் சிரித்தாள்.

ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்த மாயக்காளின் மகன் சுரேஷ்கண்ணன், ஜோதியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“ஏலே சுரேசு, இங்கன வந்து பாரு!” மாயக்காளின் குரலில் பாதி வியப்பு, பாதி கேலி. “டாக்டருக பேசுற இங்கிலீசை இவ பிச்சுப் பிச்சு அர்த்தம் சொல்றா!”

சுரேஷ்கண்ணனின் முகம் செத்துவிட்டது.

“நீ… இதெல்லாம் எப்பப் படிச்ச?”

“உங்க வீட்டை விட்டு வந்தப்பறம்.”

“எல்லா வார்த்தையும் தெரியுமா?”

“காதுல விழுந்ததெல்லாம் தெரியும்.”

ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் அவனுக்கு வேர்த்தது. “அம்மா, எந்திரி. ரிப்போர்ட்டை நாளைக்கி வந்து வாங்கிக்கிருவோம்.”

“என்னலே பறக்குற? பிள்ளைத்தாச்சியை ஜீப்புல போட்டு ரெண்டு தடவ அலைய வைக்கவா?” மாயக்காள் மறுபடி மேஜைக்கு வந்தாள். “ஏ ஜோதி, அன்னைக்கி மதுரை டாக்டரு ஒனக்குக் கோளாறுன்னு நீளமா ஒரு பேரு சொன்னாகள்ல? அதையும் பிரிச்சுச் சொல்லேன். இந்தா உக்காந்திருக்க சனமும் கேக்கட்டும்.”

சுரேஷ்கண்ணன் தரையைப் பார்த்தான். விஜி அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஜோதியைப் பார்த்தாள். அவளுடைய கை தானாகப் போய் வயிற்றை மூடிக்கொண்டது.

அந்த வார்த்தை ஜோதியின் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை பேர் முன்னால், மாயக்காளே வாய்விட்டுக் கேட்கிறாள். இதைவிட நல்ல நேரம் இனி வாய்க்காது.

வயிற்றின் மேலிருந்த அந்தக் கையை ஜோதி பார்த்தாள்.

“மறந்துபோச்சு, அத்தை.”

“அதான பாத்தேன்! தன் கோளாறு தன் வாயில வருமா?” மாயக்காள் சிரித்தாள். பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டொருவரும் கூடச் சிரித்தார்கள். ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அவள் முன்னே நடக்க, சுரேஷ்கண்ணன் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போனான். விஜி மட்டும் படியில் ஒரு கணம் நின்று ஜோதியைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

ஜோதி அடுத்தவருடைய பெயரைக் கூப்பிட்டாள்.

மறப்பதா? மதுரை டாக்டர் அன்று சுரேஷ்கண்ணனிடம் சொன்ன அந்த வார்த்தையை, ‘உனக்குத்தான் கோளாறாம்’ என்று அவன் சொன்னதை நம்பி, தன் நோயின் பெயர் என்றே அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். வகுப்பில் சேர்ந்ததும் முதலில் பிரித்துப் பார்த்ததே அந்த ‘ஏஸூஸ்பெர்மியா’வைத்தான்: ‘ஏ’ என்றால் இல்லை, ‘ஸூ’ என்றால் உயிர், ‘ஸ்பெர்ம்’ என்றால் ஆணின் விந்து.