சத்தம் பத்தலை

“சத்தம் பத்தலை” என்றார் அந்த அம்மா, மூன்றாவது ஃபில்டருக்கும் குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு.

கடைக்காரருக்குத் தலை சுற்றியது. இருபது வருஷமாக மீன்தொட்டி விற்கிறார். சத்தமே கேட்கக் கூடாது என்று உயிரை வாங்கியவர்கள் எத்தனையோ பேர்; சத்தம் போதவில்லை என்று உதட்டைப் பிதுக்கியது இவர் ஒருவர்தான்.

வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டு அனுப்பியிருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் கடையைச் சின்ன இடத்துக்கு மாற்றியாக வேண்டும், ஆறடித் தொட்டி அங்கே நுழையவே நுழையாது. எட்டு மாதமாக ஒவ்வொரு இணுக்காக நட்டு, கத்தரியால் வெட்டி வெட்டி, அதன் அடியில் பாய் விரித்த மாதிரி புல் வளர்த்திருக்கிறார். யாரும் வாங்காவிட்டால் அத்தனையையும் பிடுங்கித்தான் எறிய வேண்டும், கேட்டு வந்ததோ இந்த அம்மா மட்டும்.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டார். கடித்தது தப்பாகிவிட்டது. இடது கடைவாய் சுரீரென்றது. அங்கே அடக்கியிருந்த கிராம்பை நாக்கால் தள்ளிச் சரிசெய்தார்.

“கிராம்பு எத்தனை நாளா?” என்று கேட்டார் அந்த அம்மா, அவர் கன்னத்தையே பார்த்து.

பத்து நாளாக என்றார். தொட்டி வாங்க வந்தவருக்கு இந்த விசாரணை எதற்கு என்று எரிச்சலாக இருந்தது.

எரிச்சலை விழுங்கிக்கொண்டு பாடம் நடத்தினார். அலமாரிக்குள் வைக்கிற ஃபில்டர்தான் செடிக்கு நல்லது, மூச்சு விடுகிற சத்தம்கூட வராது. மேலேயிருந்து தண்ணீரைக் கொட்டுகிற ரகத்தைப் போட்டால் செடிக்கு விடுகிற கேஸெல்லாம் பறந்துவிடும், புல் பழுத்துவிடும், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது என்று மூச்சுவிடாமல் அடுக்கினார்.

“கொஞ்ச நேரம் வாயைத் திறக்காம இருக்கீங்களா? அந்தக் கொட்டுற ரகத்தையே போட்டுக் காட்டுங்க, நான் கேக்கணும்.”

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. சொந்தக் கடையில் வாயை மூடச் சொல்கிறார்களே என்று பொருமிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஹோவென்று கொட்டியது.

அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டார். “இது சரி. உள்ளே ஒருத்தர் கத்தினா வெளியே உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கக் கூடாது.”

அட, சங்கதி இதுதானா? உள்ளே புருஷன் பெண்டாட்டி சண்டை, வெளியே மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த வீட்டுக்கா என் புல் வாழ்க்கைப்பட்டுப் போக வேண்டும் என்று தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

விளக்குப் பேச்சு அதைவிட மோசம். இருப்பதிலேயே பளிச்சென்ற விளக்குதான் வேண்டுமாம், பார்க்கிறவர்கள் கண் உள்கதவுப் பக்கம் திரும்பவே கூடாதாம். நாள் முழுக்க எரிந்தால் பாசி பிடித்துவிடும் என்று இவர் மன்றாட, கடைசியில் காலை பத்திலிருந்து ஒன்று, சாயந்தரம் ஐந்திலிருந்து எட்டு என்று முடிவாயிற்று. மத்தியானம் நாங்களும் கதவைச் சாத்திவிடுவோம் என்றார் அந்த அம்மா.

மணி பார்த்துச் சண்டை போடுகிற குடும்பத்தை அவர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

வியாழக்கிழமை காலை நாலு ஆள் வைத்துத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். முன்வாசல் படியில் ஏறாது, பின்பக்கச் சந்து வழியாக வாருங்கள் என்று அந்த அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லி உடனே உள்ளறைக்குள் மறைந்தார்.

கூடத்துச் சோபாவில் வயதான பெண்மணி ஒருவர் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சந்தேகமே இல்லை, மாமியார். பாவம், எத்தனை வருஷமாக இந்தக் கூத்தைக் கேட்கிறாரோ.

தொட்டியை நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, விளக்கைப் பொருத்தி நிமிர்ந்தார். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் ஐயோ, போதும், விட்டுடுங்க என்று அலறியது. மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கடைக்காரர் பதறிப்போய் ஃபில்டரைப் போட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் அலறல் அமுங்கிப்போயிற்று.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு, கண் கலங்கி, ஒரு மனிதர் தள்ளாடி வந்தார். என்னங்க ஆச்சு என்று கேட்டதற்கு, பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியேறினார். அவர் பின்னாலேயே அந்த அம்மாவும் கூடத்துக்கு வந்தார்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் அரணாக நின்றுகொண்டார்.

“அம்மா, நான் மூணாம் மனுஷன், சொல்லக் கூடாதுதான். என்ன கோபம்னாலும் கட்டின புருஷனை இப்படியா அறையறது? நாளைக்கு ஒரு பாத்திரத்தைத் தூக்கி எறிஞ்சீங்கன்னா என் புல்லு என்ன ஆகும்?”

அந்த அம்மா வாசல் பக்கம் பார்த்தார், இவரைப் பார்த்தார், வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஜோடி மாட்டிக்கொண்டே சோபாவைப் பார்த்து, “பெரியம்மா, அடுத்தது நீங்கதான். ஆனா இவரு பத்து நாளா வலியோட இருக்காரு, முதல்ல பாத்துடட்டுமா?” என்றார்.

மாமியார் விட்டால் போதுமென்று வேகமாகத் தலையாட்டினார்.

“உள்ளே வாங்கண்ணே. இப்ப நீங்க தாராளமா வாயைத் திறக்கலாம்.”