மிச்ச ஆயுசு

தெருமுனையில் கார் நின்றதுமே ராமிஸின் கண்ணில் பட்டவை அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். சங்கக் கூடத்து வாசலில், சுவரோரமாக வரிசை கட்டியிருந்தன. கறுப்புச் சட்டைக்காரர்கள் கையில் சின்னக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை போடாத காப்பி. சாவு வீட்டுக் காப்பி.

'கிழவர் போய்விட்டார்!' என்று மனசு ஒரு குதி குதித்தது. அடுத்த நிமிஷமே அவனுக்கே தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் குதித்தது குதித்ததுதான்.

கிழவர் என்றால் கண்ணாடிக்கடை அபூ ஷாஹீன். பெய்ரூத் துறைமுகத்தை ஒட்டிய இந்தத் தெருவின் பின்னால் எரிவாயுத் தொட்டிகள் கட்டக் கூடாது என்று மாசக்கணக்காக ஊரைத் திரட்டிக்கொண்டு நிற்கிறவர். ராமிஸ் அந்தக் கம்பெனியின் எஞ்சினியர். கெட்டவன் இல்லை, தாளில் போட்ட கணக்கை அப்படியே நம்புகிற சாதி.

எஞ்சினியர் என்பதைவிட அவனுக்குப் பெரிய தகுதி ஒன்று உண்டு. அவன் இதே தெருவில் பிறந்தவன். இன்று மாலை நகராட்சிக் கூட்டத்தில் அவன் எழுந்து, "ஆபத்து ஒன்றும் இல்லை, என் அம்மாவே அங்கேதான் இருக்கிறாள்" என்று சொன்னால் போதும், அனுமதி கிடைத்த மாதிரிதான் என்று மேலிடம் நினைத்திருந்தது.

அதற்கு முன் கிழவரை ஒரு தடவை தாஜா செய்து பார்க்கலாம் என்றுதான் வந்திருந்தான். அவருக்காக வாங்கிய பக்லாவாப் பெட்டியைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினான். சாவு வீட்டுக்கு இனிப்போடு போகிற மடையன் உண்டா?

வாசலில் ஒருவர் காப்பியை நீட்டினார். குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, விருந்து வீட்டில் சொல்வதுபோல் "என்றும் இப்படியே நடக்கட்டும்" என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவனுக்கு இந்தக் கூடம் ஆகாது. துறைமுகம் வெடித்த அந்த வாரம், அதில் செத்துப்போன அப்பாவுக்காக இதே சுவரோரம்தான் நின்றான். துக்கம் கேட்க வந்தவர்களும் வீட்டில் ஒரு சாவை வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். இப்போது எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொள்ள, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சட்டென்று தலையைக் குனிந்தார்கள். அவனும்தான்.

வழக்கமாக ஒலிபெருக்கியில் குர்ஆன் ஓதும் சத்தம் கேட்கும். இன்று இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

துக்க வரிசையின் முதல் ஆளைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அபூ ஷாஹீன் குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருந்தார்!

அப்படியானால் செத்தது யார்? கேட்க வாயெடுப்பதற்குள் கிழவர் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மிச்சமெல்லாம் உன் ஆயுசுல சேரட்டும், தம்பி."

ராமிஸ் திருதிருவென்று விழித்தான். செத்தவருடைய மிச்ச ஆயுசு உனக்குச் சேரட்டும் என்று, துக்கம் கேட்க வந்தவன் பறிகொடுத்தவனிடம் சொல்கிற வார்த்தை அது.

"மாமா, அத நானில்ல உங்ககிட்ட சொல்லணும்?"

"நீ சாயங்காலம் கூட்டத்துல சொல்லப்போறதுதான் ஊருக்கே தெரியுமே. போ, உள்ள போ."

அடுத்து ரொட்டிக்கடை ஜமீல். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். பார்த்த இடத்திலெல்லாம் "வாடா, கேஸ் சிலிண்டர்" என்று வம்புக்கு இழுக்கிறவன். இன்று கிண்டல் இல்லை. கட்டிப்பிடித்துக் காதருகில் அதையே சொன்னான்.

"மிச்சமெல்லாம் உன் ஆயுசுல சேரட்டும்டா."

மூன்றாமவரும் அதையே சொன்னபோதுதான் ராமிஸுக்கு உறைத்தது. இந்தத் தெருவில் அவனுக்கென்று இருப்பது ஒரே ஒரு உயிர்.

அம்மா.

காலையில் போன் அடித்தான், எடுக்கவில்லை. அவன் இந்த வேலையில் சேர்ந்து, மலைமேல் வீடு பார்த்துக் குடிபோன நாளிலிருந்தே அவள் எடுப்பதில்லை. "அந்தக் காசுல வாங்கின ரொட்டி எனக்குத் தொண்டைல இறங்காது" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். கோபம்தானே, தானாக ஆறிவிடும் என்று விட்டுவிட்டானே, பாவி! ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

"எங்கம்மா எங்கடா?" ஜமீலின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "சொல்லித் தொலைடா! எங்க?"

ஜமீல் பெண்கள் பக்கத்துத் திரையைக் காட்டினான். ஆண்பிள்ளை நுழையக் கூடாத இடம். ராமிஸ் திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினான். யாரும் தடுக்கவில்லை, விலகி வழிவிட்டார்கள்.

நடு நாற்காலியில், தலை முதல் கால் வரை கறுப்பில், காப்பிக் கெண்டியைப் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். உயிரோடு.

ராமிஸ் அவள் முன்னால் மண்டியிட்டான். அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவள் கை அவன் தலையைத் தடவியது.

"அழாதடா கண்ணு. இப்பவே அழுதா எப்படி?"

"பயந்தே போயிட்டேம்மா. எல்லாரும் என்கிட்ட வந்து துக்கம் கேக்கறாங்க. யாரும்மா செத்தது?"

அம்மா அவன் முகத்தை நிமிர்த்திக் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நாங்க எல்லாரும்தான்டா. தொட்டி வெடிச்சா, இந்தத் தெருவுல பொறந்ததுல மிஞ்சப்போறது நீ ஒருத்தன்தானே?"