கொடியில் கட்டிய பூட்டுகள்

மின்கம்பி காற்றில் அதிராமலிருக்க இருபுறமும் எடை தொங்கும் ஒரு கவ்விக்குக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். கேட்டவர் பெயரைக் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் மங்கையர்க்கரசிக்குக் காட்டமாட்டார்கள்.

முன்பே யாராவது செய்திருந்தால் காப்புரிமை கிடையாது. அப்படிச் செய்திருக்கிறார்களா என்று ஊர் உலகத்து வீட்டுக் கேமராக்களையெல்லாம் துழாவிய இயந்திரம் ஒரு காட்சியைக் கொண்டுவந்தது. மொட்டைமாடியில், படபடக்கும் துணிக்கொடியில் ஒரு பெண் இரண்டு பூட்டுகளைக் கட்டுகிறாள், கொடி அடங்குகிறது. அந்தப் பெண் மங்கையர்க்கரசியேதான். பக்கத்தில் கணவன் குலசேகரன் அந்தப் பூட்டுகளை அளந்துகொண்டிருக்கிறான். விண்ணப்பம் யாருடையது என்று அவளுக்குப் புரிந்தது.

காட்சியை விரலால் ஒதுக்கியிருந்தால் வீட்டில் பணம் கொட்டியிருக்கும். அவள் ஒதுக்கவில்லை. விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

“பூட்டு கட்டினது நான். விண்ணப்பத்துல எம்பேரு இருக்கா?”

குலசேகரன் தடுமாறினான். “ஒரே வீடுதானே. யார் பேர்ல இருந்தா என்ன?”

“அதான், யார் பேர்லயும் இல்லாம பண்ணிட்டேன்.”