போயிட்டு வாங்க

மூன்றாவது முறையும் குதிரை லாரியிலிருந்து இறங்கி வந்தது.

ஓடியெல்லாம் வரவில்லை. சாய்வுப் பலகையில் ஒவ்வொரு காலாக வைத்து, நிதானமாக இறங்கி, நேரே மயிலாத்தாவிடம் வந்தது. அவள் தோளில் மூக்கை வைத்தது.

சொன்னபடி போய்விட்டு வந்தாயிற்று, அடுத்து என்ன என்று நின்றது.

"ஏறுதுங்க சார். ஏறிட்டு இறங்கிடுது" என்றான் லாரி டிரைவர் சாதிக். கோளாறு ஏதோ தன் லாரியில்தான் என்பதுபோல் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தான்.

முதல் தடவையே அவன் மேலே ஏறிக் கட்டப் போனான். அவன் தொப்பி இன்னும் லாரிக்குள்தான் கிடக்கிறது. பாதித் தொப்பி.

சார் என்றது கிரிதரனை. குதிரையேற்றப் பள்ளி அவருடையது. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, பள்ளியை மூடுகிறார். மற்ற குதிரைகளெல்லாம் போய்விட்டன. இது ஒன்றுதான் பாக்கி. இன்றைக்கு ஓசூர்ப் பண்ணைக்குப் போகிறது.

பொள்ளாச்சி எங்கே, ஓசூர் எங்கே. நினைத்த நேரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா அவளால்?

அவளுக்கு அழுகை முட்டியது. குதிரைக்கு முன்னால் அழுவதா என்று மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

கோளாறு லாரியில் இல்லை. அவள் வாயில் இருந்தது.

குதிரைக்கு மாப்பிள்ளை என்று பேர். வைத்தவள் அவள்தான். கொள்ளு சூடு ஆறினால் கோபம். வாளி மாறினால் கோபம். ஏன் என்று தெரியாமலும் கோபம். வந்த புதிதில் மூன்று பேரைக் கடித்தது. கால்நடை டாக்டரைக் கடித்த இடத்தை வெளியில் சொல்ல முடியாது.

அவள் லாயம் கூட்ட வந்தவள்.

"மேல ஏறி உக்கார்றதெல்லாம் அப்புறம். மொதல்ல கீழ நின்னு பழகோணும்" என்பார் கிரிதரன். வட்ட வேலிக்கு நடுவில் நின்று "போ" என்றால் குதிரை வேலியோரமாகச் சுற்ற வேண்டும். "வா" என்றால் வர வேண்டும். நின்று காட்டினார். சொல்லியும் காட்டினார். கடி வாங்கிய மூன்றாவது ஆள் அவர்தான்.

அவள் விளக்குமாற்றைச் சாத்தி வைத்தாள். ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வேலிக்குள் போனாள். குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ராத்திரிப் பொரியலுக்குக் கீரையை உருவினாள்.

கோபித்துக்கொண்டவரைக் கூப்பிடக் கூடாது. கெஞ்சவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நம் வேலையைப் பார்க்க வேண்டும். மூன்று அண்ணன்மாரோடு பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

எட்டு நாள் கீரை.

ஒன்பதாம் நாள் பிடரியில் சூடாக மூச்சு பட்டது. அவள் திரும்பவில்லை. ஒரு கொத்தைத் தோளுக்கு மேலே நீட்டினாள்.

அன்றைக்கு வீட்டில் ரசம்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுளுவாக நடந்தது. அவள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. கயிற்றைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. "போ" என்கிற சொல் அவளுக்கு வரவில்லை.

கரண்டு மீட்டர் பார்க்க வந்த ஆளைக்கூட "போயிட்டு வாங்க" என்று அனுப்புகிற வாய் அது. கிளம்புகிறவரைப் பார்த்து யாராவது "போ" என்பார்களா? அதுவும் மாப்பிள்ளையை?

அதனால் "போயிட்டு வாங்க" என்றே சொன்னாள்.

குதிரை அதை அப்படியே பிடித்துக்கொண்டது. போனது. வேலியை ஒரு சுற்று சுற்றியது. வந்தது.

"எம்பட குதிரைக்குத் தமிழ் முழுசாப் புரியுதப்பா" என்று கிரிதரனே ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். இப்போது இடுப்பைப் பிடித்தபடி நிற்கிறார்.

"மயிலாத்தா, நீங்களே மேல ஏறிக் கட்டிப்போட்டுருங்க" என்றார்.

"நல்லாருக்குதுங்க! என்னைய நம்பி ஏறுனவரக் கட்டிப்போட்டுட்டு நாம்பாட்டுக்கு எறங்கி வந்தரோணுமாக்கும்?"

அவர் சாதிக்கைப் பார்த்தார்.

சாதிக்தான் யோசித்தான். இந்தத் தடவை ஏறியதும் பலகையைத் தூக்கிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று இன்ஜினைப் போட்டுவிட்டு வந்தான்.

"அக்கா, ஒண்ணு பண்ணுங்க. போயிட்டு வாங்கன்னு சொல்லாதீங்க. போங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். என்ன பேச்சு பேசுகிறான் இவன்!

ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓசூர் தூரம். மாப்பிள்ளையும் வழியில் தண்ணீர் குடிக்க வேண்டும்.

குதிரையின் நெற்றியைத் தடவினாள். முந்தானையால் அதன் கண் ஓரத்தைத் துடைத்தாள். தன் கண்ணையும் துடைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"போங்க" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு நிறுத்தினாள்.

குதிரை அசையவில்லை.

"சொல்லிட்டாங்களே சார். இன்னும் ஏன் நிக்குது?"

"பாதிதானப்பா சொல்லியிருக்கறாங்க" என்றார் கிரிதரன்.

குதிரை இரண்டு காதையும் அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மீதிக்காகக் காத்திருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

சாதிக் போய் இன்ஜினை அணைத்தான்.